காலடி நிலம்: ஹங்கேரிப் படமும் நம் மலையடிவாரமும்

"கூலி உயர்வுக்குப் போராடவே பொழுது போதவில்லை, ஹங்கேரி தேசத்துச் சினிமாவைப் பற்றிப் பேச நமக்கேது நேரம்?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். விடியுமுன் தோப்பில் இறங்கிக் கொய்யா பறித்துக் கூடை சுமக்கிறவருக்கும், இரவு ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சாக வீடு திரும்புகிறவருக்கும் தூக்கமே முதல் தேவை. ஆனால் அதே உழைப்பாளிதான் கையில் காசு சேர்ந்ததும் பழனிக்குப் போய்ச் சினிமாப் பார்க்கிறார். கொட்டகைக்குப் போகாதவரும் படுக்கையில் கிடந்தபடி கைபேசியில் பார்க்கிறார். நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் சினிமா நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அது யார் கதையைச் சொல்கிறது, யார் காசில் சொல்கிறது, யார் லாபத்துக்காகச் சொல்கிறது என்று கேட்பது கூலியைப் பற்றிக் கேட்பதைப் போலவே நம்முடைய வேலை.

இதற்கு ஹங்கேரியை ஏன் இழுக்க வேண்டும்? காரணம் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் அந்த நாட்டுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு: 'முப்பது லட்சம் பிச்சைக்காரர்களின் தேசம்'. சொந்த நிலம் இல்லாமலோ, வயிறு நிறையாத துண்டு நிலத்தை வைத்துக்கொண்டோ தவித்த விவசாயக் கூலி மக்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். வளமான வயல்வெளிகள் பிரபுக்களிடமும் மடாலயங்களிடமும் இருந்தன. 1945-ல் பாசிஸ்டுகள் விரட்டப்பட்டதும் நிலச் சீர்திருத்தம் வந்தது. பெரும் பண்ணைகள் உடைக்கப்பட்டன. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலம் பெற்றனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-ல், சினிமாத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. அதன் பின் வெளிவந்த முதல் படம் எதைப் பற்றியது தெரியுமா? ராஜா ராணியைப் பற்றியதல்ல. ஓர் ஏழை விவசாயியையும் அவன் நிலத்தையும் பற்றியது.

அந்தப் படத்தின் பெயரைத் தமிழில் 'காலடி நிலம்' என்று சொல்லலாம்; உள்ளங்கால் பதியும் அளவு நிலம் என்பது பொருள். பால் ஸாபோ என்ற எழுத்தாளரின் கதை. ஃப்ரிஜெஷ் பான் இயக்கினார். ஏழை இளைஞன் ஒருவன். அவன் காதலித்த பெண்ணைப் பணக்கார விவசாயியின் மகனுக்குக் கட்டிவைக்கிறார்கள். கலியாண வீட்டிலிருந்தே அவளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறான். நம் ஊர்ச் சினிமாவாக இருந்தால் கதை அங்கே முடிந்துவிடும். "சுபம்" என்று எழுத்து விழும். அந்தப் படத்திலோ கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது! கலியாணம் முறிந்ததற்குப் பணக்காரன் கணக்குத் தீர்க்கச் சொல்கிறான். கடன் ஏறுகிறது. இருக்கிற துண்டு நிலம் அடமானத்துக்குப் போகிறது. காதலித்துக் கைப்பிடித்த இருவரும் அந்தக் காலடி நிலத்தை மீட்க மாடாய் உழைக்கிறார்கள். காதலுக்கு வில்லன் ஒரு கெட்ட மனிதன் மட்டுமல்ல. நிலமும் கடனும் யார் கையில் இருக்கின்றன என்ற ஏற்பாடுதான் வில்லன் என்பதை அந்தப் படம் காட்டியது.

ஆயக்குடி மக்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டுமா? ஆயக்குடி ஒரு காலத்தில் ஜமீன். 1948-ல் வந்த சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970-ல் பதினைந்தாகக் குறைந்தது. சட்டங்கள் வந்தன. ஆனால் உழுதவர் எல்லார் கைக்கும் நிலம் வந்ததா? இன்றும் தோப்பு ஒருவருக்கு, பறிக்கும் கை இன்னொருவருக்கு என்பதுதானே நடப்பு! சிறு விவசாயி ஒருவர் சொந்தமாகத் தோப்பு வைத்திருந்தாலும், முன்பணம் கொடுத்தவரிடமே பழத்தைப் போட வேண்டியிருந்தால் விலை யார் சொல்வது? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நம் பாட்டன்மார் சும்மாவா சொன்னார்கள்?

அதே ஹங்கேரியில் 1955-ல் ஸோல்டான் ஃபாப்ரி என்பவர் 'ராட்டினம்' என்ற படத்தை எடுத்தார். இதுவும் ஒரு காதல் கதைதான். கூட்டுப் பண்ணையில் இருந்த ஒரு விவசாயி அதிலிருந்து விலகி, வசதியான இன்னொரு விவசாயியோடு சேர விரும்புகிறார். அதற்கு என்ன வழி? பெண்ணைக் கொடுத்து நிலத்தோடு நிலத்தைச் சேர்ப்பதுதான் வழி என்று கணக்குப் போடுகிறார். மகள் மாரியோ கூட்டுப் பண்ணையில் உழைக்கும் ஓர் இளைஞனை விரும்புகிறாள். ஊரார் ஒருவர் வீட்டுக் கலியாணத்தில், எல்லார் கண் முன்னாலும் அந்த இருவரும் கை கோத்துச் சுழன்று சுழன்று ஆடுகிறார்கள். சபையே வாய் பிளந்து நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் தகப்பன் ஆத்திரத்தில் மகள் மேல் கோடரியை வீசுகிறான். கடைசியில் அவள் வீட்டை விட்டு வெளியேறித் தான் விரும்பியவனிடம் போகிறாள். நான் யாருடைய நிலத்துக்கும் சீதனம் அல்ல என்பதுதான் அந்த நடையின் அர்த்தம். மாரியாக நடித்த மாரி டொரோச்சிக்குக்கு அப்போது இருபது வயதுதான். 1956-ல் பிரான்சில் கான் நகரத்துத் திரைப்பட விழாவில் அந்தப் படத்தை உலகம் பார்த்து வியந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் நம் பஞ்சாலைப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். 2000-க்குப் பின் திண்டுக்கல், திருப்பூர், கோவை வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயரில் என்ன நடந்தது? மூன்று ஆண்டு மில்லில் கிடந்து உழைத்தால், முடிவில் கலியாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லிக் கிராமத்துப் பெண்களைக் கூட்டிப்போனார்கள். விடுதிக்குள் அடைப்பு, வெளியே போகத் தடை, நடுவில் உடம்புக்கு முடியாமல் நின்றால் மொத்தத் தொகை கிடைக்குமா என்பதே சந்தேகம். ஹங்கேரித் தகப்பன் நிலத்துக்காகப் பெண்ணைக் கணக்குப் பார்த்தான். இங்கே முதலாளி, பெண்ணின் கலியாணத்தையே கூலியைப் பிடித்து வைக்கும் பூட்டாக ஆக்கிக்கொண்டான். ராட்டினத்தில் சுற்றிய மாரியின் கதையை நம் பெண்கள் பார்த்தால், அது எங்கோ குளிர் நாட்டில் நடந்த கதை என்றா சொல்வார்கள்?

சரி, தமிழில் இப்படிப் படங்களே வரவில்லையா என்று கேட்டால், வந்தன. அவற்றை நாம் பெருமையோடு சொல்ல வேண்டும்.

1960-ல் 'பாதை தெரியுது பார்' வந்தது. தொழிலாளர் வாழ்வையும் அவர்கள் ஒற்றுமையையும் தமிழ்த் திரையில் சொன்ன முன்னோடிப் படம். இயக்கியவர் நிமாய் கோஷ். 1950-ல் வங்கத்தில், நாட்டுப் பிரிவினையால் வேரறுந்து வந்த அகதிகளைப் பற்றிச் 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர் அவர். இசையமைத்தவர் தோழர் எம்.பி. சீனிவாசன், சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டி, அன்றாடக் கூலிக்கு வாசித்தவர்களுக்கு உரிமை தேடித் தந்த மனிதர். ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் பாட்டெழுதினார்கள். அந்தப் பாட்டுகளை இன்றும் ரேடியோவில் கேட்கலாம். படம்? அதற்கு டெல்லியில் நற்சான்று கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. இன்றைய இளைஞர்களில் பாட்டைக் கேட்டவர்கள் உண்டு. படத்தைப் பார்த்தவரைக் காண்பது அரிது.

1965-ல் ஜெயகாந்தன் தாமே இயக்கி 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தார். சேரியில் வாழும் ஒரு சித்தாளும் அவள் மகன் சிட்டியும்தான் கதை. பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. அதற்கும் டெல்லி விருது கொடுத்தது. கொட்டகைக்காரர்கள் கதவு கொடுக்கவில்லை. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு, கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' நாவலை எழுதினார். அதைக் கொண்டு ஸ்ரீதர் ராஜன் 1983-ல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' எடுத்தார். பின்னர் 2005-ல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமய்யாவின் குடிசை' என்ற ஆவணப்படத்தில், உயிர் தப்பியவர்களையே பேச வைத்தார்.

இவற்றுக்கெல்லாம் பின், 2018-ல், நம் மலைக்கு அடுத்த மலையிலிருந்தே ஒரு படம் வந்தது: லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தேனிப் பக்கத்து அடிவாரத்துக்கும் கேரளத்து ஏலத் தோட்டத்துக்கும் நடுவே மூட்டை சுமக்கும் ரங்கசாமிதான் கதாநாயகன். அவனுக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு துண்டு நிலம். காசு சேர்க்கிறான், சுமந்து வந்த ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது, அதோடு ஆசையும் சிதறுகிறது. பிறகு எப்படியோ நிலம் வாங்குகிறான். விதைக்கும் உரத்துக்கும் கடன். தோட்டத்தில் சங்கப் போராட்டம், சிறைவாசம். திரும்பி வரும்போது நிலம் கை மாறியிருக்கிறது. கடைசிக் காட்சியில், தான் உழுத அதே மண்ணில், காற்றாலைக் கம்பெனியின் காவல்காரனாகச் சீருடை போட்டு உட்கார்ந்திருக்கிறான் ரங்கசாமி!

1948-ன் 'காலடி நிலம்', 2018-ன் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. நடுவில் எழுபது ஆண்டுகள். ஒருவர் கதையை மற்றவர் கண்டெழுதவில்லை. இருந்தும் கதை ஒன்றுதான்: ஒரு துண்டு மண், அதை விழுங்கும் கடன், அதற்காகத் தேயும் இரண்டு உயிர்கள். நிலமற்றவன் எந்த மொழி பேசினாலும் அவன் வயிறு ஒரே மொழிதான் பேசுகிறது. ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. ஹங்கேரியில் அந்தக் கதை, நாட்டுடைமையான சினிமாவின் முதல் முயற்சியாக, அரசாங்கத்தின் பணத்தில் வந்தது. இங்கே அப்படிப்பட்ட கதை வர, ஒரு டைரக்டர் நடையாய் நடந்து, நல்ல மனம் படைத்த ஒரு நடிகர் காசு போட வேண்டியிருந்தது. அங்கே ஏற்பாடாக நடந்தது, இங்கே அதிர்ஷ்டமாக நடக்கிறது. அதிர்ஷ்டத்தை நம்பியா ஒரு வர்க்கத்தின் கதை பிழைக்க வேண்டும்?

ஹங்கேரியில் இந்த ஏற்பாடு வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1919-ல் 133 நாட்கள் அங்கே தொழிலாளர் சோவியத் ஆட்சி நடந்தது. அந்தச் சில மாதங்களுக்குள்ளேயே சினிமாத் தொழிலை நாட்டுடைமை ஆக்கினார்கள். சோவியத் ரஷ்யாவில் லெனின் அதற்கு ஆணையிட்டது அதே ஆண்டு ஆகஸ்டில்தான்! ஆட்சி வீழ்ந்ததும் வெள்ளைப் பயங்கரம் தலைவிரித்தாடியது. நடிகர் சங்கம் கட்டிய பேலா லுகோசி ஓட நேர்ந்தது. பின்னாளில் ஹாலிவுட்டில் டிராகுலாவாக நடித்துப் புகழ் பெற்றவர் அவரேதான். சினிமாக் கலையை ஆராய்ந்து நூல்கள் எழுதிய பேலா பலாஷும் நாட்டை விட்டு வெளியேறினார். யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்து, அநாதைக் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக அலைந்து திரிந்த கொடுமையைச் சொல்லும் 'ஐரோப்பாவில் எங்கோ' என்ற படத்துக்குக் கதை எழுதுவதில் பங்கு கொண்டார். 1948-ல் வந்த படம் அது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். "சினிமா சர்க்கார் கைக்குப் போனால், சர்க்காரைத் துதிபாடும் படம்தானே வரும்?" என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் கேட்கும். மழுப்பாமல் பதில் சொல்வோம். ஹங்கேரியில் தவறுகள் நடந்தன. விவசாயிகளை நிர்ப்பந்தித்துக் கூட்டுப் பண்ணையில் சேர்த்தார்கள். குற்றமற்ற தோழர்களைப் பொய் வழக்கில் மாட்டித் தண்டித்தார்கள். 1969-ல் பேட்டர் பாச்சோ எடுத்த 'சாட்சி' என்ற படம் அந்தப் பொய் வழக்குகளையும், மேலே இருப்பவரை மகிழ்விக்கக் கீழே இருப்பவர் ஆடும் கூத்தையும் கேலி செய்தது. ஆற்றங்கரை காக்கும் எளிய மனிதன் ஒருவனை மாற்றி மாற்றிப் பெரிய பதவிகளில் உட்கார வைக்கிறார்கள். ஒரு முறை ஆராய்ச்சிசாலையில் ஹங்கேரியின் முதல் ஆரஞ்சுப் பழம் என்று ஒன்றைக் காய்க்க வைத்து விழா எடுக்கப் போகிறார்கள். விழாவுக்கு முன்பே குழந்தை அதைத் தின்றுவிடுகிறது. அவசரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள்! பழம் விளையும் ஆயக்குடியில் இதைக் காட்டினால் சிரிப்பு அடங்காது. ஆனால் அந்தப் படத்தைப் பத்து ஆண்டுகள் பூட்டி வைத்தார்கள். 1979-ல்தான் மக்கள் பார்க்க முடிந்தது. பூட்டியது தவறு. மக்கள் பெயரால் ஆளுகிறவர் மக்களின் சிரிப்புக்கு அஞ்சக்கூடாது.

ஆயினும் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1965-ல் அதே ஃபாப்ரி 'இருபது மணி நேரம்' என்ற படத்தை எடுத்தார். 1945-ல் ஒன்றாக நின்று நிலம் பங்கிட்ட விவசாயத் தோழர்கள், பின் வந்த ஆண்டுகளில் எப்படிப் பிரிந்தார்கள், 1956-ல் ஒருவனை மற்றவன் சுடும் அளவுக்கு எப்படிப் போனார்கள் என்று ஒரு பத்திரிகை நிருபர் கிராமத்தில் வீடு வீடாய் விசாரிப்பதுதான் கதை. தங்கள் ஆட்சியையே குறுக்கு விசாரணை செய்த இந்தப் படத்துக்கு மாஸ்கோ திரைப்பட விழாவில் முதல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. 1972-ல் மிக்லோஷ் யாஞ்சோ, 1890-களில் பண்ணைக் கூலிகள் செய்த வேலைநிறுத்தங்களை ஆட்டமும் பாட்டுமாகப் படமாக்கினார். துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள் நடுவே கூலிகள் கை கோத்துப் பாடி நிற்கிறார்கள். கீழ்வெண்மணியை அறிந்த நமக்கு அந்த வயல்வெளி அந்நியமா?

ஆக, சர்க்கார் பூட்டு ஒரு ஆபத்து என்றால், காசின் பூட்டு அதைவிடச் சிறியதல்ல. சர்க்கார் பூட்டு கண்ணுக்குத் தெரியும். அதை எதிர்த்துப் பேசலாம். காசின் பூட்டு கண்ணுக்குத் தெரியாது. "ஓடவில்லை, தூக்கிவிட்டோம்" என்று கொட்டகைக்காரர் கை விரித்துவிடுவார். 'சாட்சி' பத்து ஆண்டுக்குப் பின் வெளியே வந்தது. 'பாதை தெரியுது பார்' அறுபது ஆண்டு தாண்டியும் நம் ஊர்க் கொட்டகைக்கு வந்ததா?

ஹங்கேரியில் சோஷலிச ஆட்சி 1989-ல் முடிந்துபோயிற்று. ஆனால் அந்தக் காலத்துப் படங்களைச் சேர்த்துக் காத்த காப்பகம் நிலைத்து நிற்கிறது. 'ராட்டினம்' கீறல்கள் நீக்கிப் புதுப்பிக்கப்பட்டு, 2017-ல் அதே கான் விழாவில் மீண்டும் ஓடியது. நம் நிலை என்ன? தமிழகத்தில் உருவான முதல் மௌனப் படம் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-ல் வந்த முதல் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்ததே 1964-ல்தான். லாபம் தராத சுருளைப் பாதுகாக்க முதலாளிக்கு என்ன அவசரம்? கோடீஸ்வரன் கதை தொலைந்தால் அவன் மறுபடி எடுத்துக்கொள்வான். உழைப்பாளி கதை தொலைந்தால் தொலைந்ததுதான்.

இன்னும் திரைக்கு வராத கதைகளோ மலை மலையாகக் குவிந்து கிடக்கின்றன. நெசவாளர் பசியை ரகுநாதன் 1953-ல் 'பஞ்சும் பசியும்' என்று எழுதினார். ஹங்கேரிக்குப் பக்கத்து நாட்டில், செக் மொழியில், அதை மொழிபெயர்த்துப் படித்தார்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. சின்னியம்பாளையத்து மில் தொழிலாளத் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8-ம் தேதி கோவைச் சிறையில் தூக்கு மேடை ஏறினார்கள். இவையெல்லாம் யாருக்காகக் காத்திருக்கின்றன?

எனவே தோழர்களே, கண்ணீர் விட்டுப் பயனில்லை, காரியத்தில் இறங்குவோம். முந்திய தலைமுறை தோழர்கள் புரொஜெக்டரையும் சுருளையும் தலைச்சுமையாகத் தூக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு வெள்ளை வேட்டியும் சின்னப் பெட்டியும் போதும். சங்கக் கட்டிடமே கொட்டகை ஆகிவிடும். மாதத்தில் ஒரு நாள், ஷிப்டு மாறும் நேரம் பார்த்து, ஒரு படம் போடுவோம். முதல் மாதம் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. அடுத்த மாதம் 'ராட்டினம்'. அந்நிய மொழியாயிற்றே என்ற கவலை வேண்டாம்; படித்த தோழர் ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொல்லட்டும். படம் முடிந்ததும் கலைந்துவிடாமல் அரை மணி பேசுவோம். முக்கியமாகப் பெண் தோழர்கள் பேசட்டும். மாரி வீட்டை விட்டு நடந்ததைப் பற்றி நம் பஞ்சாலைப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஆண்கள் கேட்கட்டும்.

முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கமும் கலை இலக்கியப் பெருமன்றமும் பல ஊர்களில் திரையிடல் நடத்தி வழி காட்டியிருக்கின்றன. அந்த வழி மலையடிவாரத்துக்கும் வரட்டும். சர்க்காரிடம் கேட்க வேண்டியதையும் உரக்கக் கேட்போம்: தமிழ்ப் படங்களுக்குத் தமிழகத்திலேயே காப்பகம் வேண்டும், விருது பெற்ற படத்துக்கு ஒவ்வொரு ஊர்க் கொட்டகையிலும் சில காட்சிகளாவது கட்டாயம் ஒதுக்க வேண்டும்.

நிலத்துக்கு உரிமை கேட்டோம், கூலிக்கு உரிமை கேட்டோம். நம் வாழ்வை நாமே திரையில் பார்க்கும் உரிமையையும் அந்தப் பட்டியலில் சேர்ப்போம். நம் கதையைச் சொல்லும் படத்தை நாமே கூடி நின்று பார்க்காவிட்டால், வேறு யார் பார்ப்பார்கள்?